காற்றிறங்கு படலம்

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததைப் பற்றித் தமிழறிஞர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அந்தத் தேரின் சக்கரம் மரத்தால் ஆனது. காற்று இறங்குகிற கவலை பாரிக்கு இல்லை. இன்றைய வள்ளல்களுக்கும் வள்ளல் அல்லாதோருக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனாலும் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் காற்று இறங்குவது பற்றி, அதிலும் வால்வு வழியே இறங்குவது பற்றி, நம் ஆய்வுலகம் சாதித்துவரும் மௌனம் வருந்தத்தக்கது. அந்த வெற்றிடத்தை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். நிரப்ப 28 பிஎஸ்ஐ போதுமே என்பார்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் போதாது.

முதலில் ஆய்வுக்களம். நேரம் காலை எட்டரை. வண்டிக்காரர் குளித்து, நெற்றிக்கு இட்டு, ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டி, சாப்பாட்டுப் பையை டேங்கின் மேல் வைத்து, வண்டியை சென்டர் ஸ்டாண்டிலிருந்து இறக்குகிறார். பின்பக்கம் 'தபக்' என்று உட்காருகிறது. சென்டர் ஸ்டாண்டு போடும் ஒழுக்கசீலர்களுக்கு இந்தச் செய்தி எப்போதுமே கடைசி நொடியில்தான் கிடைக்கும். சக்கரம் தரையில் படாமல் நிற்பதால் டயர் தன் நிலைமையை வெளியே காட்டிக்கொள்வதில்லை. சைடு ஸ்டாண்டுக்காரர்கள் மாடியில் பல் தேய்க்கும்போதே பார்த்துவிடுவார்கள். ஒழுக்கத்தால் விளையும் நஷ்டங்களின் பட்டியலில் இதையும் சேர்க்கவேண்டும்.

அடுத்து வண்டிக்காரர் சொல்வது: "நேத்து ராத்திரி நல்லாத்தானே இருந்துச்சு?" சாதி, மதம், வண்டியின் சிசி எதுவும் பாராமல் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். கேள்வி யாரை நோக்கி என்று தெரியவில்லை. டயரும் பதில் சொல்வதில்லை.

காற்று ஏன் இறங்கியது என்பதில் அறிஞர்களிடையே மதபேதங்கள் உண்டு. பெரும்பான்மையினர் ஆணிவாதிகள். டயரைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, மண்டியிட்டு, பள்ளங்களில் சிக்கிய கருங்கல் சில்லுகளை வீட்டுச் சாவியால் நெம்பியெடுத்து, ஒவ்வொன்றையும் குற்றவாளியாக நிறுத்தி விசாரித்து விடுதலை செய்வார்கள். ஆணி கிடைக்காவிட்டாலும் கொள்கை மாறாது. "குத்திட்டு விழுந்திருக்கும்" என்று முடித்துவிடுவார்கள். இந்த வாதத்தைப் பொய்யாக்க வழியே இல்லை என்பதுதான் அதன் பலம்.

இரண்டாமவர் மார்கழிவாதிகள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்கள். குளிரில் காற்று சுருங்கும், ஆகவே டயர் இறங்கும் என்பது இவர்கள் கட்சி. கொள்கையில் பிழையில்லை, கணக்கில்தான் உதைக்கிறது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் பைக் டயரில் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ குறையும், அவ்வளவுதான். ரிம் தரையைத் தொடுமளவு காற்று இறங்கவேண்டுமானால் சென்னையில் வரலாறு காணாத பனிப்பொழிவு வேண்டும். ரப்பரின் வழியே இயல்பாகக் காற்று ஊறிப்போவதும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐதான். ஒரே ராத்திரியில் நடந்ததற்கு இயற்கையைக் குற்றம் சொல்ல முடியாது.

மூன்றாமவர் பகைவாதிகள். இவர்களைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். "யாரோ காத்தைப் புடுங்கிவிட்டிருக்கான்" என்பது இவர்களுடைய மூலமந்திரம். அந்த 'யாரோ' யார் என்பது குடியிருப்புக்குக் குடியிருப்பு மாறும். அடுக்குமாடியில் அது அசோசியேஷன் செயலாளர். விருந்தினருக்கு ஒதுக்கிய இடத்தில் வண்டியை நிறுத்தியதற்குப் பழி வாங்கிவிட்டார். தனி வீட்டில் அது எதிர்வீட்டுக்காரர். வாசலில் கோலத்தின் மேல் ஏற்றிவிட்டோம் அல்லவா? கடைத்தெருவில் அது நோ பார்க்கிங் பலகை. பகைவாதத்துக்குத் தொல்லியல் ஆதாரமும் இருக்கிறது. பள்ளியில் வாத்தியார்களின் ஸ்கூட்டர் ஸ்டாண்டில் படித்தவர்கள் அனைவரும் இக்கலையில் தேர்ச்சி பெற்றவர்கள். வால்வின் நடுவே இருக்கும் பின்னைத் தீக்குச்சியால் அமுக்கிப் பிடிப்பது ஒன்றாம் வகுப்பு. வால்வு மூடிக்குள் ஒரு பொடிக்கல்லைப் போட்டுத் திருகிவிட்டுப் போவது முதுகலை. கல் பின்னை லேசாக அமுக்கிக்கொண்டே இருக்கும். செய்தவன் வகுப்பில் உட்கார்ந்து பூகோளம் படித்துக்கொண்டிருக்கையில் இங்கே டயர் மெல்ல மெல்ல உயிர்விடும். மூடி போட்டபடியே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

பகைவாதத்தின் குற்றம் நடந்த இடம் வால்வுதான் என்பதைக் கவனிக்கவேண்டும். இவ்வளவு தூரம் வந்தவர்கள் இன்னும் ஓர் அங்குலம் வந்து, பகைவன் இல்லாமலே வால்வு அதே வேலையைச் செய்யும் என்று ஒப்புக்கொள்ளாதது ஏன்? ஒப்புக்கொண்டால் செயலாளரை முறைக்க முடியாது. வால்வுவாதம் சிறுபான்மையாக இருப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

வரலாறு பற்றிச் சில. ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் தாம்சன் 1845இல் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது மோட்டார் வண்டி இல்லை. குதிரை வண்டியில் மாட்டிப் பார்த்தார்கள். பிறகு உலகம் மறந்துவிட்டது. நாற்பது ஆண்டு கழித்து பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர், ஜான் பாய்டு டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்குவதைப் பொறுக்காமல் ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888இல் காப்புரிமையும் வாங்கினார். பிறகு தாம்சனின் பழைய காகிதம் வெளியே வந்து, டன்லப்பின் உரிமை செல்லாது என்றாகிவிட்டது. பெயர் மட்டும் டன்லப்புக்கு நின்றது. கால்நடை வைத்தியர் கொடுத்த டயரை நம்மூர்ச் சாலைகளில் குத்திக் கிழித்ததில் மாட்டு லாட ஆணிக்குப் பெரும்பங்கு உண்டு. மாடுகள் தங்கள் வைத்தியரை எப்படி மதிப்பிட்டன என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

வால்வின் கதை நியூயார்க்கில் நடக்கிறது. அங்கே குடியேறிய ஜெர்மானியர் ஆகஸ்ட் ஷ்ரேடரின் பட்டறை, நீரில் மூழ்கி வேலை செய்வோருக்குத் தலைக்கவசமும் காற்றுப் பம்பும் செய்துவந்தது. காற்று ஒழுகினால் ஆள் போய்விடுவான் என்ற தொழில். 1893இல் அங்கிருந்து காப்புரிமை பெற்ற வால்வின் வாரிசுகள்தாம் இன்று பைக்கிலும் காரிலும் லாரியிலும் விமானச் சக்கரத்திலும் இருப்பவை. வீட்டு ஏசியின் வெளிப்பெட்டியில் மெக்கானிக் கேஸ் ஏற்றும் இடத்திலும் இதே குலத்துப் பின்தான் உட்கார்ந்திருக்கிறது. பஞ்சர் கடைக்காரரும் ஏசி மெக்கானிக்கும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள். வாங்கும் கூலியைப் பார்த்தால்தான் பங்காளிகள் என்று தெரியாது.

நமக்கும் இந்த வரலாற்றில் ஒரு மூலை உண்டு. பின்னாளில் எம்ஆர்எஃப் டயராக வளர்ந்த தொழிலை மாம்மன் மாப்பிள்ளை 1946இல் சென்னை திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் தொடங்கியபோது அங்கே செய்தது விளையாட்டு பலூன். 1955இல் என்ஃபீல்டு புல்லட் நிறுவனம் வந்திறங்கியதும் அதே திருவொற்றியூர்தான். காற்றை அடைத்து வைப்பதும் அதன்மேல் ஏறிப் போவதும் ஒரே ஊரில் வேர்விட்டிருக்கின்றன. பட்டினத்தார் அடங்கிய தலமும் அதுவே. நிலையாமைக்கு இதைவிடப் பொருத்தமான பேட்டை அமையாது.

இனி இலக்கணம்.

புகவிடல் தொழிலும் போகவிடா நிலையும்
வால்வின் இயல்பென மொழிமனார் புலவர்.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், வால்வு என்னும் பொருளின் இயல்பு உணர்த்துதல் நுதலிற்று. அற்றேல், உள்ளே விடுவதற்கும் வெளியே விடாமைக்கும் ஒரே துளை எப்படிப் போதும் எனின், கூறுதும். வால்வுத் தண்டின் உள்ளே ஓர் அங்குலம்கூட இல்லாத பித்தளைப் பொருள் ஒன்று திருகப்பட்டிருக்கிறது. கடைக்காரர்கள் அதைப் 'பின்' என்பார்கள். அதன் மேற்பகுதியில் மரை. இடுப்பில் ஒரு வளையம். நடுவே ஊசிபோல ஒரு கம்பி. கம்பியைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். கம்பியின் கீழ்முனையில் ஒரு ரப்பர் வட்டு. பம்பின் காற்று வட்டைக் கீழே தள்ளி உள்ளே புகும். தள்ளுவது நின்றதும் ஸ்பிரிங் வட்டை இழுத்து அடைக்கும். அடைத்த பிறகு ஸ்பிரிங்குக்கு அதிக வேலையில்லை. கல்யாண மண்டபத்தில் உள்பக்கமாகத் திறக்கும் கதவின் மேல் கூட்டம் நெருக்கினால் கதவு எப்படி இன்னும் இறுகுமோ, அப்படி டயருக்குள் இருக்கும் காற்றே வட்டை அழுத்தி அடைத்துக்கொள்கிறது.

அஃதேல், இத்தனை காவல் இருந்தும் ஏன் கசிகிறது? அதற்கு அடுத்த சூத்திரம்.

வாயே அடியே கழுத்தென மூன்றே
காற்றுப் போம்வழி கருதுங் காலை.

வாய் என்பது பின் இருக்கும் இடம். வட்டில் தூசி உட்கார்ந்தாலும், ரப்பர் காய்ந்து போனாலும், ஸ்பிரிங் துருப்பிடித்துச் சோர்ந்தாலும் கசியும். ஒரு குறையும் இல்லாத பின்கூட, மரை கால் சுற்று தளர்ந்தால் இடுப்பு வளையத்தின் ஓரமாகக் காற்றை விடும். அடி என்பது டியூப்லெஸ் வண்டிக்கு உரியது. ரிம்மின் துளையில் ரப்பர் தண்டு பொருந்தும் இடம். வெயிலும் ஓசோனும் அந்த ரப்பரை வெடிக்கச் செய்யும். கழுத்து, டியூப் உள்ள வண்டிக்கு. உலோகத் தண்டு டியூப்போடு சேரும் இடம். 'நெக்கு' என்றால்தான் கடையில் புரியும்.

மூன்றில் எது என்று காண்பதற்குத் தமிழ்நாட்டுப் பஞ்சர் கடைகளில் கையாளப்படும் முறை எச்சில். இதை அருவருப்பவர்கள் சிகிச்சை பற்றிய பத்திக்குப் போய்விடலாம். ஆனால் இந்த ஆய்வின் இதயம் இங்கேதான் இருக்கிறது. கடைக்காரர் முதலில் சக்கரத்தை உருட்டி வால்வைத் தரைப்பக்கம் கொண்டுவருகிறார். ஏன்? வால்வுத் தண்டு எப்போதும் சக்கரத்தின் மையத்தைப் பார்த்துத்தான் நிற்கும். தரைப்பக்கம் இருக்கும்போது அதன் வாய் வானம் பார்த்துக் கிண்ணம்போல் அமைகிறது, வைத்தது வழியாது. பிறகு மூடியைக் கழற்றி உதட்டில் கவ்விக்கொள்கிறார், அல்லது சீட்டின் மேல் வைக்கிறார். அது உருண்டு விழுந்து தொலைவது தனி அத்தியாயம். ஆட்காட்டி விரலை நாக்கில் தொட்டு வால்வின் வாயில் ஒரு மெல்லிய படலமாகத் தடவுகிறார். தடவும்போது விரல் பின்னை அமுக்கக்கூடாது. அமுக்கினால் 'உஸ்' என்று எல்லாம் தெறித்து அவர் முகத்துக்கே வரும். தடவிவிட்டு இருவரும் குனிந்து பார்க்கவேண்டும். இந்த வேளையில் பேச்சு கிடையாது. பேருந்து கடந்துபோனாலும் நிமிரமாட்டார்கள்.

படலம் சும்மா கிடந்தால் வால்வு உத்தமன். லேசாக உப்பி, கடுகளவாகி, மிளகளவாகி, வானவில் நிறம் காட்டி உடைந்து, அந்த இடத்தில் இன்னொன்று முளைத்தால் பின் போச்சு. உப்பாமலே சட்சட்டென்று உடைந்துகொண்டிருந்தால் காற்று வேகமாகப் போகிறது. பின்னோடு முடியுமா என்று யோசிக்கவேண்டும். வாய் அமைதியாக இருந்து அடியில் சந்தேகம் வந்தால், தண்டை விரலால் இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டே பார்க்கவேண்டும். நேராக நிற்கும்போது யோக்கியமாக இருந்து, சாய்த்தால் மட்டும் வாய் திறக்கும் விரிசல்கள் உண்டு.

வெறும் தண்ணீர் வைத்தால் என்ன என்று சுகாதாரவாதிகள் கேட்பார்கள். தண்ணீர்க் குமிழி நிற்காது; தோன்றியதும் உடைந்துவிடும். எச்சிலில் உள்ள வழவழப்பான புரதம் படலத்துக்கு ஓர் இழுவையைத் தருகிறது; குமிழி உருண்டு திரண்டு தன்னைக் காட்டிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. ஷாம்பூ பாக்கெட்டைத் தண்ணீரில் கலக்கினாலும் அதே பலன், இன்னும் பெரிய குமிழி. ஆனால் ஷாம்பூவுக்குக் கடைக்குப் போகவேண்டும். பழைய தலைமுறைக்கு எச்சிலில் தயக்கமே கிடையாது. அவர்கள் சைக்கிள் வால்வின் மேல் போடும் வால்டியூப் என்ற ரப்பர் குழலை எச்சிலில் நனைத்து வழுக்கி மாட்டிப் பழகியவர்கள். இரும்புச் சுவையும் ரப்பர் சுவையும் அவர்களுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும்.

சிகிச்சை எளிது. தூசிதான் என்று தோன்றினால் பின்னை ஒருமுறை சட்டென்று அமுக்கிவிட்டால் காற்றோடு தூசியும் பறந்துவிடும். பாதிப் பேருக்கு வைத்தியம் இத்துடன் முடிகிறது. அதற்கும் மசியாவிட்டால் பின் கழற்றும் கருவியால் வலஞ்சுழியாகக் கால் சுற்று இறுக்கிப் பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் புதுப் பின். டீ, வடை விலைதான். பழையதைக் கழற்றும்போது முதலில் காற்றை இறக்கிவிடவேண்டும். முழுக் காற்றோடு கழற்றினால் கடைசி மரையில் பின் துப்பாக்கிக் குண்டாகக் கிளம்பிச் சாலைக்கு அந்தப் பக்கம் போய்விடும். தேடிப் போகிறவர் லாரிக்கு வழிவிட வேண்டியிருக்கும். புதியதை விரல் பிடிக்குமளவு திருகி, அதற்குமேல் ஒரு சிறு அழுத்தம். பலத்தைக் காட்டினால் வளையம் நசுங்கும். நசுங்கிய வளையம் கசியும். கசிந்தால் இன்னும் பலத்தைக் காட்டத் தோன்றும்.

அடிக்கசிவுக்கு டயரை ரிம்மிலிருந்து ஒருபக்கம் விடுவித்து, பழைய தண்டை அறுத்தெடுத்து, புதியதற்குச் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளிருந்து வெளியே இழுக்கவேண்டும். டயர் மறுபடி ரிம்மில் ஏறி உட்காரும்போது 'டப், டப்' என்று இரண்டு வெடி கேட்கும். அதற்குக் கம்ப்ரஸர்தான் வேண்டும். கால்பம்பில் மூச்சுவாங்குவது வீண்.

கழுத்துக்கு வைத்தியமில்லை. "நெக்குல பேட்ச் நிக்காது சார்" என்பது பஞ்சர் கடைகளின் மாறாத தீர்ப்பு. வளைந்து நெளியும் அந்த இடத்தில் ஒட்டுத்துண்டு ஒட்டாது; டியூபையே மாற்றவேண்டும். டியூப் விற்பதற்காகச் சொல்கிறார் என்று சந்தேகப்படுவோர் உண்டு. சந்தேகம் தவறு. கழுத்து அறுபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் வண்டிக்காரரே. காற்றுக் குறைவாக ஓட்டும்போது, பிரேக்கும் இழுவையும் சேர்ந்து டயரை ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். டயரோடு டியூபும் நகரும். ரிம் துளையில் மாட்டிக்கொண்ட தண்டு மட்டும் நகர முடியாமல் சாயும். நிமிர்ந்து நிற்கவேண்டிய வால்வு ஒருபக்கம் சாய்ந்திருந்தால் கழுத்துக்கு நாள் குறித்தாயிற்று. தண்டின் அடியில் உள்ள நட்டை ரிம்மோடு வைத்து முறுக்கிவிடுவது இன்னொரு வழி. சாய்வதற்குக்கூட இடமில்லாமல் நேரே அறுபடும். விஷயம் தெரிந்தவர்கள் அந்த நட்டை மேலே ஏற்றி மூடியோடு ஒட்டி வைத்திருப்பார்கள். பார்ப்பவர்கள் "நட்டு லூசா இருக்கே சார்" என்று அக்கறையோடு இறுக்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

மூடி பற்றி ஒரு வார்த்தை. மூடி அலங்காரம் என்ற கருத்து பரவலாக இருக்கிறது. மண்டையோடு மூடி, பகடை மூடி, சக்கரம் சுற்றினால் நீலமாக எரியும் மூடி என்று விற்பதே அதற்குச் சாட்சி. மூடி இல்லாத வால்வின் வாயில் தெருப்புழுதி சேர்கிறது. பெட்ரோல் பங்கில் காற்றுக்குழாயின் தலையை வைத்து அழுத்தியதும் அவ்வளவு புழுதியும் வட்டின் மேல் போய் உட்காருகிறது. ஆக, காற்று அடிப்பதே காற்று இறங்குவதற்குக் காரணமாகிறது. இன்னொன்று, வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, பின்னின் கம்பி புவியீர்ப்பைப் போல் நூறு மடங்குக்கும் அதிகமான விசையோடு வெளிவட்டத்தை நோக்கி இழுபடுகிறது. கம்பிக்கு அந்தத் திசை, திறக்கும் திசை. ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்தால் தாங்கும். தளர்ந்திருந்தால் உள்ளே ரப்பர் வளையம் வைத்த மூடிதான் இரண்டாவது காவல். அலுமினிய மூடி மழையில் நனைந்து பித்தளை மரையோடு உப்புப்பூத்து இறுகிவிடும். குறடு போட்டுத் திருகினால் தண்டும் கூட வரும். கருப்பு பிளாஸ்டிக் மூடியே உத்தமம் என்பது என் துணிபு. அதைச் சிறுவர்கள் எதற்காகத் திருடுகிறார்கள் என்பதற்கு மட்டும் இதுவரை யாரும் நியாயமான விளக்கம் தரவில்லை.

அற்றேல், இவ்வளவும் கற்றபின் பஞ்சர் கடைக்கே போகாமல் வீட்டு வாசலிலேயே பின்னை மாற்றிக்கொள்ளலாமே எனின், அற்றன்று. பழைய பின்னைக் கழற்றியதும் மிச்சமிருந்த காற்றும் போகும். புதுப் பின்னைத் திருகிய பின் காற்றடிக்க வேண்டும். பம்பு வீட்டில் இல்லை. இருந்ததை மைத்துனர் வாங்கிப் போய் வருஷமாகிறது. ஆகவே ஆய்வாளர் வண்டியைத் தள்ளிக்கொண்டு அதே கடைக்குத்தான் போகவேண்டும். கொஞ்சநஞ்சக் காற்றில் தள்ளுவதைவிடச் சுத்தமாகக் காற்றில்லாமல் தள்ளுவது கடினம். கடைக்காரர் குனிந்து, பளபளவென்றிருக்கும் புதுப் பின்னைப் பார்த்து, "யார் சார் இதுல கை வச்சது?" என்று கேட்பார். பக்கத்து வீட்டுப் பையன் என்று சொல்லிவிடுவது நல்லது.